மருத்துவர் பதில்: மேல்பட்டைகள் பறித்த இடமும் கண் எரிச்சலும்

கேள்வி: வயது 44. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நாள் முழுவதும் லேப்டாப்பில் சுங்கப் படிவங்களைச் சரிபார்க்கிறேன். பிரவுசரின் மேல்பட்டைகளே இடத்தை அடைத்துக்கொள்வதால், எழுத்தை 80 சதவீதமாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். சில தளங்களில் இருபுறமும் வெற்றிடம் வேறு வீணாகிறது. மாலையில் கண் எரிகிறது. நெற்றியும் கழுத்தும் வலிக்கின்றன. பார்வை கெட்டுவிட்டதா?

பதில்: திரையைப் பார்ப்பதால் மட்டும் விழித்திரை பழுதாவதில்லை, ஆகவே முதலில் அச்சத்தை விடுங்கள். ஆனால் இடத்தை மிச்சப்படுத்த எழுத்தைச் சுருக்கியதுதான் உங்களை வருத்துகிறது என்பது என் கணிப்பு. நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து, அதாவது அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரிவது, தொடங்கும் வயது இது. அந்த நிலையில் 3, 8 போன்ற எண்களையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் பிரித்தறியத் தலையை முன்னே நீட்டுகிறீர்கள், இமைப்பதும் குறைகிறது, அதனால் கண்ணீர்ப்படலம் உலர்ந்து எரிச்சலும், கழுத்துத் தசைகள் இறுகி வலியும் வருகின்றன.

பட்டைகளைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. பல அலுவலக லேப்டாப்களில் உள்ள 1366×768 பிக்சல் திரையில் உயரம்தான் பற்றாக்குறை. டேப் வரிசை, முகவரிப் பட்டை, புக்மார்க் பட்டை, கீழேயுள்ள டாஸ்க்பார் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பட்டை மறையும். எஃப்11 அழுத்தினால் முழுத்திரையும் படிவத்துக்கே கிடைக்கும். டாஸ்க்பாரையும் தானாக மறையும்படி அமைக்கலாம். இப்படி மீட்ட இடத்தில் கூடுதல் வரிகளைத் திணிக்காமல், எழுத்தை 110 அல்லது 125 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். பக்கத்தைச் சற்று அதிகமாக நகர்த்த வேண்டியிருக்கும். கண்ணுக்கு அது பாரமே இல்லை.

இருபுற வெற்றிடம் வீண் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வரி மிக நீண்டால், அதன் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் தடம் தவறுகிறது. இதனால்தான் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டு நெறிகள் ஒரு வரி 80 எழுத்துகளுக்கு மிகக் கூடாது என்றும், பத்திக்குள் வரி இடைவெளி ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. பக்க ஓரங்கள் படிப்பவருக்காக விடப்பட்டவை. அவற்றை நிரப்பத் துடிக்கும் விளம்பரங்களே என்னைக் கவலைப்படுத்துகின்றன.

திரை கண்ணிலிருந்து ஒரு கை நீளத் தொலைவில், பார்வை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 விநாடிகள் தொலைவில் பாருங்கள். பெரிய மானிட்டர் வாங்கும் முன், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலோ 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ அருகில் படிப்பதற்கான கண்ணாடி அளவையும் கண் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவையும் பாருங்கள். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, கடும் கண்வலியுடன் வாந்தி வந்தாலோ, அன்றே, எந்த நேரமானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.