நொதி–தளப்பொருள் பொருத்தத்தை வகுப்பில் காட்ட தெர்மோகோல் பூட்டு–சாவி மாதிரி போதுமா?

கேட்டவர் அநேகமாகப் புதிதாகப் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்க வந்தவர். ஆய்வுக்கு அதிகாரி வருகிற வாரமாகவும் இருக்கும். நானும் அப்படி ஒரு வாரத்தில்தான் தெர்மோகோல் வாங்கினேன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து அறுத்தேன். சேலையெல்லாம் வெள்ளை மணி. பச்சை அடித்த பெரிய துண்டு சுக்ரேஸ் என்ற நொதி, அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்; அதுதான் பூட்டு. அதன் பள்ளத்தில் உட்காரும் மஞ்சள் துண்டு சுக்ரோஸ், நொதி பிடித்து உடைக்கும் தளப்பொருள்; அதுதான் சாவி. நடுவில் குண்டூசி, பிரித்தால் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ். வகுப்பில் அழுத்திச் செருகினேன். போய் உட்கார்ந்தது, திரும்பி வரவில்லை. இழுத்த இழுப்பில் நொதி உடைந்தது, தளப்பொருள் முழுசாக இருந்தது!

சிரிப்பு அடங்கியதும் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மிஸ், பூட்டுல போட்ட சாவி அப்படியேதானே திரும்பி வரும்? உடையிறது தளப்பொருள்னா அதை ஏன் சாவிங்கிறோம்?" பதில் தெரியாமல், "முதல்ல பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

பாடநூலைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேர்வில் பூட்டு–சாவி என்றே எழுதட்டும். 1894இல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் இந்த உவமையைச் சொன்னபோது அவர் கையில் இருந்த விஷயம் வேறு: குளுக்கோஸ் இன்னொரு மூலக்கூறோடு சேர்ந்தது குளுக்கோசைடு, அந்தப் பிணைப்பு நிற்கும் திசையை வைத்து ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. ஈஸ்ட் நொதி ஆல்ஃபா குளுக்கோசைடை உடைக்கிறது, பீட்டாவைத் தொடுவதில்லை, பாதாம் நொதி நேர் எதிர். எது எதற்குப் பொருந்தும் என்பது வரை உவமை சரி. பொருந்தியபின் நடப்பதற்கு 1958இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கோஷ்லண்ட் வர வேண்டியிருந்தது. நொதியும் வளைந்துகொடுக்கும் என்றார் அவர். குளுக்கோஸ் வந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதைக் கவ்வி மூடிக்கொள்ளும். இதற்கு பைக் ஓட்டுகிறவர்களின் கையுறை போதும்: தொங்கிக் கிடப்பது கை நுழைந்ததும் உருவம் கொள்ளும், வலதில் இடக்கை சரியாக ஏறாது. ஆஸ்பத்திரி உறை வேண்டாம், அது எந்தக் கைக்கும் ஏறும்.

மறு வருஷம் தோலோடு வேர்க்கடலை வாங்கிப் போனேன். (ஒவ்வாமை பற்றி எழுத வருபவர்களுக்கு: எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.) ஒரு பெண்ணுக்குத் துப்பட்டாவால் கண்ணைக் கட்டினோம். அவள் விரல்தான் நொதி, கடலைதான் தளப்பொருள். மேசையில் 10 கடலையைப் பரப்பியபோது அரை நிமிடத்தில் 7 உரித்தாள். 40 பரப்பியபோது 12. நூறைக் கொட்டினாலும் அதே 12. தெவிட்டு நிலை (தளப்பொருள் எவ்வளவு கூடினாலும் வேகம் அதற்குமேல் கூடாத நிலை) என்ற வார்த்தையை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கடலை அளவுக் கூழாங்கற்களைக் கலந்ததும் தடவித் தடவித் தூக்கிப் போட்டு, 8க்கு இறங்கினாள். கூழாங்கல்தான் போட்டித் தடுப்பான், தளப்பொருள் மாதிரியே இருந்து நொதியில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வது. விரல்களைச் சேர்த்து டேப் சுற்றினோம். சூட்டில் உருக்குலைந்த நொதி, ஒன்றுகூட உரிக்கவில்லை. டேப்பை அவிழ்த்தால் விரல் சரியாகிவிடும், வெந்த நொதி பெரும்பாலும் திரும்பாது. இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதையே அறிவியல் கண்காட்சிக்குக் கேட்டேன். குப்பையாகும் என்று மேலிருந்து மறுத்துவிட்டார்கள். கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்த, பல்பு எரியும் தெர்மோகோல் இதயத்துக்குப் பரிசு போனது. அதன் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு இடது ஏட்ரியம் எதுவென்று காட்டத் தெரியவில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட அழகாக இருந்தது, அவ்வளவுதான். சரி, அது வேறு கதை.

ஒரு வகுப்புக்கு அரைக் கிலோ போதும். வறுத்த கடலை மட்டும் வாங்காதீர்கள், விளைபொருள் எண்ணிக்கைக்கு மிஞ்சாது.