காவடிக்குச் சாப்பிட்ட மாத்திரை கருவைத் தடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 31. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். எனக்கு 28 நாளில் விலக்கு வரும், சில மாதம் 33 நாள்கூட ஆகும். இம்முறை காவடியன்றே வரும்போல் இருந்ததால், மூன்று நாள் முன்பிருந்தே தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்டேன். பத்து நாள் விரதத்திற்கு இரண்டு நாள் முன்பு கணவருடன் சேர்ந்தேன். அதற்குப் பிறகு இல்லை. "இன்று 16ஆம் நாள், பயமில்லை" என்றார் அவர். அந்த மாத்திரையே கருத்தடை மாத்திரைதான் என்கிறார் நாத்தனார். காவடிக்கு மறுநாள் மாத்திரையை நிறுத்தினேன். ஒன்பது நாளாகியும் விலக்கு வரவில்லை. வலிப்புக்காகக் கார்பமசெபின் சாப்பிட்டு வருகிறேன். அடுத்த குழந்தை மூன்று நான்கு ஆண்டு கழித்துப் போதும் என்பது எங்கள் எண்ணம். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இன்றே கெமிஸ்ட் கடையில் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி ஒன்று வாங்குங்கள். கிளினிக்கிலும் பார்ப்பார்கள். கடைசியாகச் சேர்ந்து 21 நாள் கடந்துவிட்டால் அந்தச் சோதனையை நம்பலாம். உங்கள் கணக்குப்படி கடந்துவிட்டது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பாருங்கள். கரு இல்லை என்று காட்டியும் விலக்கு வராவிட்டால், ஒரு வாரம் விட்டு மறுபடியும் பாருங்கள். தள்ளிப்போடும் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உங்கள் கணவரின் கணக்குக்கு வருவோம். முட்டை 14ஆம் நாள் வெளியாகும், 16ஆம் நாள் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணியிருக்கிறார். முட்டை வெளியாவது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. அந்த அடுத்த விலக்கு எப்போது என்பது வந்த பிறகுதானே தெரியும்? இந்த மாதம் உங்களுடைய 33 நாள் மாதமாக இருந்திருந்தால், முட்டை 19ஆம் நாள் வாக்கில் வெளியாகியிருக்கும். ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. ஆக, அவர் பயமில்லை என்று சொன்ன 16ஆம் நாள், இருப்பதிலேயே பயப்பட வேண்டிய நாட்களில் ஒன்று. நாள் கணக்கை நம்பும் பெண்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் கருத்தரிக்கிறார்கள். விலக்கு முன்பின்னாக வரும் உங்களுக்கு அது இன்னும் ஒத்துவராது.

நாத்தனார் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது, வம்பே அதில்தான். தள்ளிப்போடும் மாத்திரையில் பொதுவாக இருப்பது நோரெதிஸ்டெரோன். அதே மருந்து மிகச் சிறிய அளவில், நாள் தவறாமல் சாப்பிடும் ஒருவகைக் கருத்தடை மாத்திரையிலும் இருக்கிறது. நம் கிளினிக்குகளில் போடும் இரண்டு மாதக் கருத்தடை ஊசியும் அந்த இனமே. ஆனால் நீங்கள் அதைத் தொடங்கியது 25ஆம் நாள். சேர்ந்ததோ 16ஆம் நாள். ஒன்பது நாள் முன்பு நடந்ததை அது எப்படித் தடுக்கும்? காவடிக்காக விலக்கைத் தள்ளிப்போடலாமா கூடாதா என்பது உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலானது, அதில் நான் தலையிடவில்லை. அந்த மாத்திரையைக் கருத்தடைக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கரு உறுதியானால், கார்பமசெபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து. அந்த மருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. எனவே தாமதிக்காமல் வலிப்பு டாக்டரைப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் எந்த அளவில் வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கருவைத் தொடர விருப்பமில்லை என்றால், நம் நாட்டின் 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி முதல் 12 வாரத்திற்குள் நீங்கள் கேட்டாலே போதும்; கணவரின் கையெழுத்து தேவையில்லை. மாமியார் காதுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

கரு இல்லை என்றால் அடுத்தது கருத்தடை. தோழி சொன்னாள், அக்கா போட்டுக்கொண்டாள் என்று தேர்ந்தெடுக்க உங்களால் முடியாது, ஏனென்றால் கார்பமசெபின் நடுவில் நிற்கிறது. அது கல்லீரலைத் தூண்டி ஹார்மோன் மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரையும், கையில் தோலுக்கடியில் வைக்கும் மூன்றாண்டுக் குச்சியும் மற்றவர்களுக்கு எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் உங்களுக்கு நம்பகமானவை அல்ல. ஆணுறையை மட்டும் நம்பினால் ஓராண்டில் நூற்றுக்கு 13 பேர்வரை கருத்தரிக்கிறார்கள். பால்வினை நோயிலிருந்து காப்பது அது ஒன்றுதான், ஆகவே அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியவை இரண்டு. மூன்று மாத ஊசியைக் கார்பமசெபின் கெடுக்காது. ஆனால் தொடக்கத்தில் எந்த நாளில் சொட்டுச் சொட்டாகப் படும் என்று சொல்ல முடியாது. நிறுத்திய பிறகு கருத்தரிக்க ஓராண்டுகூட ஆகலாம். மற்றது காப்பர் டி, கருப்பைக்குள் வைக்கும் சிறு செம்புச் சாதனம். அதில் ஹார்மோனே இல்லை, வலிப்பு மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓராண்டில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கருத்தரிப்பதில்லை. எடுத்தவுடன் கருத்தரிக்கலாம். முதல் சில மாதம் விலக்கில் வலியும் போக்கும் கூடும், அது உண்மை. இதயத்துக்கு ஏறிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பயம்.

நான் காப்பர் டி பக்கம்தான். அரசு கிளினிக்கில் இலவசம். கிளினிக்குக்குப் போகும்போது கார்பமசெபின் அட்டையையே கையில் எடுத்துப் போய் நர்சிடம் காட்டுங்கள். வரிசையில் நின்று களைத்த நர்ஸ் கைக்கு வந்த ஊசியைப் போட்டு அனுப்பப் பார்க்கலாம். கார்பமசெபின் கெடுக்காது என்று நான் சொன்னது மூன்று மாத ஊசியைத்தான்; இரண்டு மாத ஊசியா மூன்று மாத ஊசியா என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள். காப்பர் டி வைக்கப் பழகியவர் அங்கே இல்லை என்றால், எங்கே வைப்பார்கள் என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.