வேண்டுமென்றே மங்கலாக்கிய விண்மீன்: வாசகர் கேள்வி – பதில்

வேறு விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். அவற்றை அளப்பதற்கென்றே 2019 டிசம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து சோயுஸ் ராக்கெட்டில் கிளம்பியது 'கியாப்ஸ்' என்னும் விண்வெளித் தொலைநோக்கி. ஐரோப்பிய விண்வெளி முகமையும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. செயற்கைக்கோளின் எடை 300 கிலோவுக்கும் குறைவு. இதையும் இதன் இனத்தைச் சேர்ந்த சிறு தொலைநோக்கிகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே: 6.5 மீட்டர் ஆடியோடு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறது. அப்புறம் 30 சென்டிமீட்டர் தொலைநோக்கி எதற்கு?

ப: கியாப்ஸ் கோளைப் படம் பிடிப்பதில்லை. கோள் தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறது. இதற்குக் கடப்பு என்று பெயர். சூரியனைப் போன்ற விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி 1 சதவீதம் குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் பத்து லட்சத்தில் 84 பங்குதான்.

இவ்வளவு சிறிய குறைவை அளக்க நிறைய ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, எண்ண வேண்டும். எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு பிழை வரும் என்பது விதி. பத்து லட்சத்தில் 20 பங்கு துல்லியம் வேண்டுமானால் 250 கோடி ஃபோட்டான்கள் தேவை. ஒன்பதாம் பொலிவெண் (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) விண்மீனிலிருந்து அத்தனையும் வந்துசேர 30 செ.மீ. ஆடிக்குச் சில மணி நேரம் போதும். ஆக, ஆடியின் அளவு தடையே இல்லை. தரையில் தடையாக இருப்பது காற்றுமண்டலம். விண்மீன் மினுக்குவது பார்க்க அழகு, ஒளியை அளப்பவருக்கோ அதுவே பெருந்தொல்லை. காற்றைத் தாண்டிப் போய்விட்டால் சிறிய ஆடியே இந்த வேலையைச் செய்துவிடும்.

வெப் தொலைநோக்கிக்கு ஆயிரம் வேலை. ஒரே விண்மீனைப் பத்துப் பன்னிரண்டு நாள் விடாமல் பார் என்று அதைக் கேட்பது கடினம். கியாப்ஸிடம் கேட்கலாம்.

கே: கியாப்ஸ் அனுப்பிய முதல் படங்களில் விண்மீன் ஒரு மங்கலான முக்கோணத் திட்டாகத் தெரிகிறதே. ஆடியில் கோளாறா?

ப: இல்லை. வேண்டுமென்றே குவியத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு விண்மீனின் ஒளி பல நூறு பிக்சல்களில் பரவி விழுகிறது. முக்கோண வடிவம், முதன்மை ஆடியை மூன்று இடங்களில் பிடித்திருப்பதால் அதில் ஏற்படும் நுண்ணிய இழுவையின் தடம்.

ஏன் பரப்ப வேண்டும்? இரண்டு பிக்சல்களின் ஒளியுணர்வு ஒருபோதும் ஒன்றாக இருக்காது. ஒரே பிக்சலிலேயே நடுப்பகுதி ஓரத்தைவிடக் கூடுதலாக உணரும். செயற்கைக்கோளை எவ்வளவு நிலையாகப் பிடித்தாலும் சிறிது ஆடும். ஊசிமுனை போல் குவிந்த விண்மீன் அந்த ஆட்டத்தில் ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால், விண்மீன் மாறாமலேயே அளவு மாறும். அந்தப் பொய்யான மாற்றம், தேடும் கடப்பைவிடப் பெரியதாகவே இருந்துவிடலாம். ஒளி நூற்றுக்கணக்கான பிக்சல்களில் பரவியிருந்தால் இந்த வேறுபாடுகள் ஒன்றையொன்று பெரிதும் ஈடுகட்டிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. பளிச்சென்ற விண்மீன்களைப் பார்க்கும்போது பிக்சல் நிரம்பி வழியாது.

இதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். பரவிய திட்டுக்குள் பக்கத்து விண்மீனின் ஒளியும் கலந்துவிடும். நெரிசலான பால்வீதிப் பகுதிகளில் இது உண்மையான தலைவலி.

கே: அந்தப் பக்கத்து விண்மீன்கள் படத்துக்குப் படம் இடம் மாறி, நடுவிலுள்ள விண்மீனைச் சுற்றிவருவது ஏன்?

ப: சுற்றுவது செயற்கைக்கோள். 700 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 99 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் கியாப்ஸ், அதே வேகத்தில் தன் பார்வைக் கோட்டையே அச்சாக வைத்து ஒருமுறை உருள்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் எப்போதும் பூமிக்கு முதுகு காட்ட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. உணர்கருவி கழித்தல் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட விலகாமல் இருந்தாக வேண்டும்.

இதனால் பக்கத்து விண்மீனின் ஒளி, நிலவொளி, பூமியின் சிதறொளி எல்லாம் 99 நிமிடத் தாளத்தில் ஏறி இறங்கும். தரவைக் கையில் எடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, நேரத்துக்கு எதிராக மட்டுமல்லாமல் உருளும் கோணத்துக்கு எதிராகவும் ஒளியளவை வரைந்து பார்ப்பது. அங்கே அலை தெரிந்தால், கடப்போடு அதையும் சேர்த்தே பொருத்த வேண்டும். அலையை முன்கூட்டியே தனியாகக் கழித்தால் கடப்பின் ஆழத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு விண்மீனிலிருந்து அடுத்ததற்குத் திரும்பியதும் முதல் சில மணி நேரம் தொலைநோக்கிக் குழாயின் வெப்பநிலை மாறுவதால் ஒளிவளைவில் (நேரத்துக்கு எதிராக ஒளியளவை வரைந்த கோட்டில்) மெல்லிய சரிவு வரும், அதையும் கவனியுங்கள்.

கே: ஒளிவளைவில் நடுநடுவே வெற்றிடம் இருக்கிறதே?

ப: சில திசைகளைப் பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும். தென் அட்லாண்டிக் மீது கதிர்வீச்சு மிகுந்த பகுதியைக் கடக்கும்போது எடுத்த படங்களும் பயன்படாது. கோள் உள்ளே நுழையும் கணமும் வெளியேறும் கணமும் இந்த வெற்றிடத்தில் விழுந்துவிட்டால் கடப்பின் நேரம் சரியாகக் கிடைக்காது. ஆகவே நேரம் ஒதுக்கும்போதே அந்தக் கணங்கள் வெற்றிடத்துக்கு வெளியே அமையும் கடப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கே: வானத்தில் எங்கு வேண்டுமானாலும் பார்க்குமா?

ப: பார்க்காது. சூரியனிலிருந்து 120 டிகிரிக்கு மேல் விலகிய திசைகள் மட்டுமே. வானின் வட, தென் துருவங்களை ஒட்டிய விண்மீன்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை.

கே: ஏற்கெனவே கண்டுபிடித்த கோள்களை மறுபடி அளப்பதில் என்ன புதுமை வந்துவிடும்?

ப: டிஓஐ-178 என்ற விண்மீனைப் பாருங்கள். நாசாவின் டெஸ் தொலைநோக்கி தந்த தரவில் இரண்டு கோள்கள் ஒரே பாதையில் சுற்றுவதுபோல் தோன்றியது. கியாப்ஸ் சுமார் 12 நாள் உற்றுப் பார்த்ததில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது, கூடுதல் கோள்களும் வெளிப்பட்டன. அவற்றின் சுற்றுக்காலங்கள் ஒரு தாளத்தில் இருந்தன, ஆனால் தாளத்தில் ஒரு அடி மட்டும் விடுபட்டிருந்தது. அந்த இடத்தில் சுமார் 15 நாள் சுற்றுக்காலத்தில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று கணித்து, குறித்த நேரத்தில் கியாப்ஸைத் திருப்பினார்கள். அதே சமயம் பார்த்து விண்வெளிக் குப்பை ஒன்று மோத வரும் அபாயம்! செயற்கைக்கோளை விலக்கி, மறுபடி குறிவைத்து, கோள் கடப்பதற்குச் சற்று முன்பாகத் திரும்ப வந்து பிடித்தார்கள். ஆறு கோள்கள், அவற்றில் ஐந்தின் சுற்று எண்ணிக்கை 18:9:6:4:3 என்ற விகிதத் தாளத்தில். 2021 ஜனவரியில் வெளியான முடிவு இது.

இன்னொன்று, ஆரம் துல்லியமானால்தான் அடர்த்தி தெரியும். ஆரத்தில் 10 சதவீதப் பிழை, கன அளவில் 30 சதவீதமாக வீங்கும். அந்தப் பிழையோடு பாறைக் கோளா, நீரும் வாயுவும் போர்த்திய கோளா என்று அடித்துச் சொல்ல முடியாது.

கே: பெட்டி அளவு கியூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளால் இதெல்லாம் முடியுமா?

ப: ஓரளவு முடியும். 2017 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட 'அஸ்டீரியா' சுமார் 10 கிலோ எடை. அதிலிருந்தது 85 மில்லிமீட்டர் குவியத் தூர லென்ஸ் மட்டுமே. செயற்கைக்கோள் ஆடும்போதெல்லாம் உணர்கருவியை எதிர்ப்பக்கம் நகர்த்தும் பீசோ (மின்னழுத்தத்தால் நுண்ணிய அளவில் அசையும்) மேடை ஒன்று உள்ளே இருந்தது, அதனால் அரை ஆர்க்செகண்டு (ஆர்க்செகண்டு என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்கு நிலையாகப் பார்க்க முடிந்தது. 55 கான்க்ரி இ என்ற கோளின் கடப்பை அது பதிவுசெய்தது. அதன் ஆழம் 0.04 சதவீதம் அளவுதான். கடக்கும் நேரம் முன்பே தெரிந்திருந்ததால்தான் இரைச்சலுக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. சிறு தொலைநோக்கியைத் தேடவிடாதீர்கள், எங்கே எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள் என்பதே எங்கள் கருத்து.

கே: உயிர் இருக்கிறதா என்று கியாப்ஸ் சொல்லுமா?

ப: சொல்லாது. ஒளியை நிறங்களாகப் பிரித்து வாயுக்களை அடையாளம் காணும் நிறமாலைமானி அதில் இல்லை.

கே: என்னிடம் 20 செ.மீ. தொலைநோக்கியும் கேமராவும் இருக்கின்றன. நானும் உதவ முடியுமா?

ப: கட்டாயம் முடியும், தேவையும் இருக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறோம். 3 நாள் சுற்றுக்காலக் கோள் ஒன்றை 27 நாள் பார்த்து 9 கடப்புகளைப் பதிவுசெய்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் நடுநேரத்திலும் 2 நிமிடப் பிழை இருந்தால், முதல் கடப்பையும் கடைசிக் கடப்பையும் வைத்துக் கணித்த சுற்றுக்காலத்தில் சுமார் 21 விநாடிப் பிழை இருக்கும். மூன்று ஆண்டில் 365 சுற்றுகள். பிழை இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும்! அந்த நேரத்தை நம்பிப் பெரிய தொலைநோக்கியைத் திருப்பினால் கோள் கடந்தே போயிருக்கலாம். இந்த நேரங்களைப் புதுப்பிக்கத்தான் 'எக்ஸோக்ளாக்' திட்டம் ஆர்வலர்களின் அளவீடுகளைச் சேர்க்கிறது.

முதல் முயற்சிக்கு எச்டி 189733 பி என்ற கோள் நல்ல தேர்வு. குள்ளநரி மண்டலத்தில், டம்பெல் நெபுலாவுக்கு அருகில் இருக்கிறது. பொலிவெண் 7.7, கடப்பின் ஆழம் சுமார் 2.4 சதவீதம், கால அளவு 1.8 மணி நேரம், 2.2 நாளுக்கு ஒருமுறை வரும். கடப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி, முடிந்து ஒரு மணி நேரம் கழித்து நிறுத்துங்கள். இருபுறமும் சமதளம் இல்லாவிட்டால் ஆழம் தெரியாது. சிவப்பு வடிகட்டி போடுங்கள். கியாப்ஸ் செய்வதையே நீங்களும் செய்யுங்கள்: குவியத்தைச் சற்று விலக்கி, 20 முதல் 40 விநாடி எடுத்தாலும் உச்சப் பிக்சல், கேமரா காட்டும் அதிகபட்ச அளவான 65,535இல் 35,000ஐ ஒட்டி நிற்கும்படி வையுங்கள். ஒப்பீட்டு விண்மீன், பொலிவிலும் நிறத்திலும் அதற்கு நெருங்கியதாக இருக்கட்டும். கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசைக்க மறக்காதீர்கள். நேரமே தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

பெரும்பாலும் கெடுவது மூன்றால். மெல்லிய மேகம், லென்ஸில் படியும் பனி, வானின் வடக்கு–தெற்கு நடுக்கோடான உச்சிக்கோட்டை விண்மீன் தாண்டும்போது தொலைநோக்கியின் தாங்கி மறுபக்கம் புரள்வது. புரண்டதும் விண்மீன் வேறு பிக்சல்களில் விழுந்து, வளைவில் ஒரு படிக்கட்டு உண்டாகும். கடப்பின் நடுவில் அது நேராத இரவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கே: கியாப்ஸில் குழந்தைகள் வரைந்த ஓவியங்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ப: உண்மை. 2,700க்கும் மேற்பட்ட ஓவியங்களைச் சுருக்கி, இரண்டு டைட்டானியத் தகடுகளில் பொறித்துச் செயற்கைக்கோளில் பொருத்தியிருக்கிறார்கள்.