‘விண்ட்’டா, ‘வைண்ட்’டா? எந்த இடத்தில் எப்படிச் சொல்ல வேண்டும்?

காரைக்குடிப் பக்கம் ஒரு பாரம்பரிய விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, வெளிநாட்டு விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். டபிள்யூ, ஐ, என், டி என்று எழுதும் சொல்லை ஒருவர் ‘விண்ட்’ என்கிறார், இன்னொருவர் ‘வைண்ட்’ என்கிறார், எது சரி என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் சரிதான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை வேறு வேறு சொற்கள். காற்று என்றால் விண்ட். சுற்றுவது, முறுக்குவது, வளைந்து வளைந்து போவது என்றால் வைண்ட்.

நான் காரைக்குடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். உங்களைப்போல விடுதி வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். இந்தச் சொல் வந்தால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: போர் மோட்டார் புகைந்துபோனால் எங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள்? எல்லாரும் ஒரே குரலில் ‘வைண்டிங் கடைக்கு’ என்பார்கள். அங்கே கருகிப்போன செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காயிலாக்கி, மோட்டாருக்குள் இருக்கும் காடிகளில், அதாவது நீளப் பள்ளங்களில், ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கடைப் பலகையை ‘விண்டிங் ஒர்க்ஸ்’ என்று யாரும் படிப்பதில்லை. அப்படியென்றால் இந்த உச்சரிப்பு உங்கள் வாயில் ஏற்கெனவே பழகியிருக்கிறது. கண்டாங்கிச் சேலை நெய்கிற வீட்டில் ராட்டையில் நூல் தார் சுற்றுகிறார்களே, அதுவும் ஆங்கிலத்தில் நூலை வைண்ட் பண்ணுவதுதான்.

நீங்கள் வேலை செய்யும் வீட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கும். நடுவில் வளவு என்னும் முற்றக்கட்டு உள்ள பழைய வீடுகளில் ஊசல் வைத்த சுவர்க் கடிகாரத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடிகார முகப்பில் இரண்டு சாவித் துளை இருந்தால், ஒன்று நேரம் ஓடுவதற்கான சுருள்வில்லை முறுக்க, மற்றது மணி அடிப்பதற்கான சுருள்வில்லை முறுக்க. கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, வெள்ளிக்கிழமை தவறாமல் காவலுக்கு இருப்பவரிடம் “ஏம்ப்பா, கடியாரத்துக்குச் சாவி குடுத்தியா?” என்று கேட்பார். விருந்தினர் அந்தக் கடிகாரத்தின் முன்னால் நின்றால், ‘வீ வைண்ட் இட் எவ்ரி ஃப்ரைடே’ என்று சொல்லலாம். நாம் ‘சாவி கொடுக்கிறோம்’ என்பதால் ‘கிவ் கீ’ என்று வாயில் வந்துவிடும். அது அவர்களுக்குப் புரியாது.

இதன் இறந்தகாலம்தான் அடுத்த முடிச்சு. ‘நேற்றே சுற்றிவிட்டேன்’ என்றால் ‘வவுண்ட்’. அதே எழுத்துகளில் ‘வூண்ட்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதற்குக் காயம், புண் என்று பொருள். இந்த இரண்டுக்கும் உறவு கிடையாது. காயத்தைச் சுற்றித் துணி கட்டினாள் என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டும் வரும்: ‘ஷீ வவுண்ட் எ கிளாத் அரௌண்ட் தி வூண்ட்.’ இதை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் நாக்கு திருந்துவதற்கு இதைவிட நல்ல வரி எனக்குக் கிடைக்கவில்லை.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்று ஏன் ஆயிற்று? பழைய ஆங்கிலத்திலேயே காற்றுக்கு ஒரு சொல்லும், சுற்றுவதற்கு வேறொரு சொல்லும் இருந்தன. பிறகு ‘ண்ட்’ ஒலிக்கு முன்னால் வந்த இகரம் நீண்டு, காலப்போக்கில் ‘ஐ’ ஆயிற்று. மைண்ட், கைண்ட், ஃபைண்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. காற்றும் அப்படியே மாறியிருக்க வேண்டியது. பழைய ஆங்கிலக் கவிதைகளில் காற்றையும் ‘வைண்ட்’ என்று ஒலித்து ‘பிஹைண்ட்’, ‘மைண்ட்’ ஆகியவற்றோடு இயைபு சேர்த்திருப்பதைப் பார்க்கலாம். பேச்சு வழக்கில் குறில் நிலைத்துவிட்டது. விண்ட்மில், விண்டி போன்ற சொற்களில் ஒலி குறுகியே இருந்தது அதற்குத் துணை செய்தது என்பார்கள். ஜன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’வும் காற்றின் கண் என்ற பொருளுள்ள, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸ் சொல்லிலிருந்து வந்ததுதான். பழந்தமிழில் ஜன்னலைக் ‘காலதர்’ என்றார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

பெயர்ச்சொல்லாக வந்தால் விண்ட், வினையாக வந்தால் வைண்ட் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். முன்னால் ‘தி’, ‘ஸ்ட்ராங்’ போன்றவை வந்தால் காற்று. பின்னால் ‘அப்’, ‘அரௌண்ட்’ வந்தால் பெரும்பாலும் சுற்றுவது. ஆனால் ஒன்று மட்டும் இதற்குள் அடங்காது. குன்றக்குடி மலைப் படியேறி மூச்சு வாங்கும்போது ஒருவர் ‘ஐ ஆம் விண்டட்’ என்பார். அது வினையிலிருந்து வந்த வடிவம்தான், ஆனாலும் மூச்சோடு சம்பந்தப்பட்டதால் ‘விண்’ என்றே ஒலிக்கும். ‘விண்டி டே’ என்றால் காற்று அடிக்கும் நாள். ‘வைண்டி ரோடு’ என்று யாராவது சொன்னால் வளைவு நிறைந்த சாலை. ‘வைண்டிங் ரோடு’ என்பதுதான் அதற்கு அதிகம் புழங்கும் வடிவம்.

உச்சரிப்பைவிட நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது, விண்ட் என்ற சொல்லை எங்கே போடுவது என்பதில்தான். தமிழில் எல்லாம் காற்றுதான்: ஃபேன் காற்று, டயர் காற்று, வாடைக்காற்று. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. டயரில் இருப்பது ஏர். மூச்சுக்கு இழுப்பதும் ஏர். வெளியே இயற்கையாக அடிப்பதுதான் விண்ட். இதமாக வருடினால் பிரீஸ். நீங்கள் விருந்தினரை முற்றத்தில் நிறுத்தி, சூடான காற்று மேலே ஏறித் திறந்தவெளி வழியாகப் போய்விடுகிறது, வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் வீடு முழுக்கக் காற்றோட்டம் கிடைக்கிறது என்று விளக்குவீர்கள் அல்லவா? அங்கே ‘ஹாட் ஏர் ரைசஸ்’, ‘யூ கெட் எ நைஸ் பிரீஸ்’ என்று சொல்லுங்கள். ‘விண்ட் கம்ஸ் இன்சைட்’ என்றால் ஏதோ புயல் புகுந்தமாதிரி கேட்கும். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலையும் காற்றையும் அவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லும் இடத்தில் சரியான சொல் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

சில வழக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘வைண்ட் அப்’ என்றால் முடித்துக்கொள்வது. கூட்டத்தை வைண்ட் அப் பண்ணுங்கள் என்று நாமே சொல்கிறோம். ஒரு கம்பெனியைச் சட்டப்படி கலைப்பதும் வைண்டிங் அப்தான். ஆனால் இங்கிலாந்துக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே ‘ஆர் யூ வைண்டிங் மீ அப்?’ என்று கேட்டால், ‘என்ன, கலாய்க்கிறாயா?’ என்று அர்த்தம்; பயப்பட வேண்டாம். ‘வைண்ட் டவுன்’ என்றால் நாள் முழுக்க அலைந்த அலுப்புத் தீர ஓய்வாக இருப்பது. விண்ட் பக்கம் வந்தால், ‘கெட் விண்ட் ஆஃப்’ என்பது காற்றுவாக்கில் ஒரு சேதி காதுக்கு எட்டுவது. நம் வழக்கும் அவர்கள் வழக்கும் ஒத்துப்போவது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். ‘விண்ட்ஃபால்’ என்பது காற்றில் உதிர்ந்த பழம். அதிலிருந்து எதிர்பாராமல் வந்த பணத்துக்கும் ஆயிற்று. நாகஸ்வரத்தை ‘விண்ட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்று அறிமுகப்படுத்துங்கள்.

அகராதியில் தேடும்போது முதலில் வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல ஆங்கில அகராதிகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு இரண்டையும் கேளுங்கள்.

உங்கள் வேலைக்கு இதேபோல இன்னொரு சொல்லும் தேவைப்படும். ஆர், ஓ, டபிள்யூ. வளவின் இரண்டு பக்கமும் நிற்கும் பர்மா தேக்குத் தூண் வரிசையைக் காட்டும்போது அது ‘ரோ’. ‘ரவ்’ என்றால் சண்டை, வாக்குவாதம். ‘எ ரோ ஆஃப் பில்லர்ஸ்’ என்று பழகிக்கொள்ளுங்கள்.