ஸ்காட்லாந்தின் கூரஸ் சிற்றூரின் வரலாறு என்ன? அங்கே காண வேண்டியவை எவை?

கூரஸ், ஃபைஃப் பகுதியில் ஃபோர்த் நதிமுகத்தின் வடகரையில் உள்ள சிற்றூர். 1217இல் சிஸ்டர்சியம் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவிகளுக்காக இங்கே ஒரு மடம் நிறுவப்பட்டது. அதன் தேவாலயத்தின் ஒரு பகுதி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

ஆனால் ஊருக்குச் செல்வத்தைத் தந்தது நிலக்கரிதான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சர் ஜார்ஜ் புரூஸ் என்ற வணிகர் கடலடியில் சுரங்கம் தோண்டி, அலைகளுக்கு நடுவே செயற்கைத் தீவு ஒன்றை எழுப்பி, அங்கிருந்தும் சுரங்கத்துக்குள் ஒரு வாயில் அமைத்தார்; வெட்டிய கரியை அவ்வாயில் வழியாக நேரே கப்பலில் ஏற்ற முடிந்தது. உள்ளே கசிந்த நீரை, குதிரைகள் இழுத்த வாளிச் சங்கிலி இறைத்தது. அக்காலத்துக்கு இது வியக்கத்தக்க பொறியியல் என்றே சொல்ல வேண்டும். 1617இல் பார்வையிட வந்த மன்னர் ஆறாம் ஜேம்ஸ், தீவின் வாயிலில் மேலேறியதும் சுற்றிலும் கடலைக் கண்டு, தம்மைக் கொல்லச் சதி என்று அலறினாராம். 1625இல் புயல் அச்சுரங்கத்தை மூழ்கடித்தது. உப்புக் காய்ச்சுதலும், தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டுகள் செய்யும் தொழிலும்கூட இங்கே புகழ்பெற்றிருந்தன.

புரூஸ் கட்டிய மஞ்சள் நிற மாளிகையை, அதன் வண்ணம் தீட்டிய மர உட்கூரைகளுக்காகவே பார்க்கலாம். 1932இல் ஸ்காட்லாந்துத் தேசிய அறக்கட்டளை அதை வாங்கியது. பின்னர் பழைய வீடுகள் பலவும் பழுதுபார்க்கப்பட்டதால், கல் பாவிய தெருக்களும் சிவப்பு ஓட்டு வீடுகளும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன.