சாப்பாடு தருபவருக்கு மேடையும் தர வேண்டுமா?

கேள்வி: பட்டிருப்பு வலயத்தில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இணையத்தில் பாடமும் வினாவும் நடத்தும் மூடில் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து மட்டக்களப்பில் ஒருநாள் ஒன்றுகூடல் வைக்க இருக்கிறோம். பேச 11 பேர் பெயர் தந்துவிட்டார்கள். நேரம் இருப்பதோ 6 பேருக்கு. இதற்குள் ஒரு கொம்பனி மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்பதாகவும், பதிலுக்கு முதல் ஒரு மணித்தியாலத்தைத் தரும்படியும் கேட்கிறது. யாரை எடுப்பது, யாரை விடுவது?

பதில்: அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காலையில் வரும் ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மூடில் யாருடையது என்றே தெரிந்திருக்காது. முதலில் மேடையேறி, பளபளப்பான படங்களைக் காட்டுபவர்தான் அதன் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் தொடங்கியது. 1.0 பதிப்பு 2002 இல் வந்தது. ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருவதால் எவரும் இறக்கி நிறுவலாம், மாற்றலாம். அதைப் பயன்படுத்த லைசன்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. சேர்வர் வாடகை, டொமைன் (இணைய முகவரி), பராமரிப்பு வேலை ஆகியவற்றுக்குக் காசு கேட்டால் அது நியாயம். நிறத்தையும் சின்னத்தையும் மாற்றிவிட்டு, ‘எங்கள் சொந்த மென்பொருள், பிள்ளைக்கு இவ்வளவு’ என்று அதிபரின் மேசையில் விலைப்பட்டியல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதிபர் பாவம், கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒரு வருடம் கழித்து விலக நினைத்தால்தான் வில்லங்கம் தெரியும்: நிர்வாகிக் கடவுச்சொல் அவர்களிடம், டொமைன் அவர்கள் பெயரில், பாடங்களின் காப்புப் பிரதியைக் கேட்டால் தொலைபேசியே எடுபடாது. ‘இந்த மூன்றும் பாடசாலையின் கையில் இருக்குமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். ஆம் என்று எழுதித் தராதவரோடு ஒரு வேலையும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு சோற்றுப் பார்சல் காசைப் பதிவுக் கட்டணமாக வாங்குங்கள். காசு கட்டியவர் வராமல் நிற்கவும் மாட்டார்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இது நிச்சயம் வரும். பகலில் ஆசிரியர், மாலையில் நாலு பாடசாலைக்குச் சேர்வர் பார்த்துக் கொடுப்பவர். அவரைக் கொம்பனி என்று ஒதுக்குவதா? வேண்டாம். பெரும்பாலும் சபையில் அதிகம் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார். தன் பகுதிநேரத் தொழிலை முதல் ஸ்லைடிலேயே அவர் சொல்லிவிட வேண்டும். காட்டுவது அவரிடம் காசு கட்டாமல் மற்றவர்களும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். விலையைப் பற்றி யாரும் கேட்டால் தேநீர் வேளையில் வெளியே பேசிக்கொள்ளட்டும். அவர் தொழிலில் பங்குள்ள ஒருவர் உங்கள் தெரிவுக் குழுவில் இருந்தால், இவருடைய பெயர் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். இதில் முகத்தாட்சணியம் பார்த்தீர்களோ, அடுத்த வருடம் கூட்டமே அவருடையதாகிவிடும்.

இனி 11 பேர். ஒவ்வொருவரிடமும் மூன்று வரி கேளுங்கள்: உங்கள் வகுப்பில் என்ன செய்தீர்கள், எங்கே இடறியது, கேட்டவர் திங்கட்கிழமை என்ன செய்து பார்க்கலாம். ‘மூடில் ஓர் அறிமுகம்’, ‘இலத்திரனியல் கற்றலின் எதிர்காலம்’ வகையெல்லாம் இந்த மூன்று வரியில் தானாகவே உதிர்ந்துவிடும்.

எனக்குக் கிடைத்தால் முதல் இடம் கொடுக்கும் உரை ஒன்று உண்டு: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை மூடிலின் வினா வங்கிக்குள் கொண்டுபோவது. நம் ஆசிரியர்களிடம் பெட்டி பெட்டியாக இருப்பது பாமினிப் பைல்தான். அதை அப்படியே ஒட்டினால் அம்மா என்ற சொல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரையில் நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். அய்கன் என்ற எளிய வடிவத்தில் வினா ஒரு வரி, விடைகள் வரிக்கு ஒன்று. வினா தமிழாக இருந்தாலும் விடைகளின் முன்னால் ஏ, பி, சி, டி ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் வர வேண்டும். 1, 2, 3 போட்டால் ஏறாது. இதை 20 நிமிடத்தில் காட்டிவிடலாம், சபையில் ஒருவரும் தூங்கமாட்டார்.

பேசுபவர்கள் எந்தப் பதிப்பில் காட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 2022 இல் வந்த 4.0 இல் தோற்றம் நிறையவே மாறிவிட்டது. பழைய படத்தைக் காட்டினால் ‘அந்தப் பொத்தான் எங்கே சேர்?’ என்பதிலேயே நேரம் போய்விடும்.

ஒரே மண்டபம், ஆளுக்கு 20 நிமிடம், கேள்விக்கு 10. அவ்வளவுதான். ஆனால் உங்கள் நிகழ்ச்சி நிரலைக் கெடுக்கப்போவது பேச்சாளர்கள் அல்ல, பிரதம அதிதி. எட்டரைக்கு என்று அழைப்பிதழ் அடிப்போம், அவர் பத்துக்கு வருவார், விளக்கேற்றல், தலைமையுரை, பொன்னாடை முடிய பதினொன்று. இரண்டு உரை காலி. கல்விக்கூட்டம் என்றாலே இந்தச் சடங்கு இல்லாமல் நம் அதிகாரிகளுக்குத் தொண்டையில் இறங்காது. ஆகவே எட்டே முக்காலுக்கு முதல் உரையைத் தொடங்கிவிடுங்கள், விளக்கைத் தேநீர் வேளைக்குத் தள்ளுங்கள். அவரும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்.

நாள், சனிக்கிழமை. வேலைநாளில் வைத்தால் ஒரு அனுமதிக் கடிதம் வலயத்துக்கும் திருகோணமலையில் உள்ள மாகாணக் கல்வி அலுவலகத்துக்கும் நடுவே எத்தனை மேசையில் படுத்துக்கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காத்தான்குடி, கல்முனை ஆசிரியர்களும் வருவதென்றால் நோன்பு மாதத்தைத் தவிருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, வெள்ளம். வேண்டாம்.

மதியத்துக்குப் பிறகு உரை வைக்காதீர்கள். ஒரு லப்டொப்பில் மூடிலை நிறுவி, ஒரு ரவுட்டரில் இணைத்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே எல்லோரும் தங்கள் தொலைபேசியில் செய்து பார்க்கலாம். இடம் கிடைக்காத 5 பேரையும் அப்போது மேசைக்கு ஒருவராக உட்கார வையுங்கள்.

கொம்பனிக்கும் இன்றே பதில் எழுதுங்கள்: உரை இல்லை, தேநீர் இடைவேளையில் வாசல் பக்கம் ஒரு மேசை உண்டு, அதற்கு வாடகை இவ்வளவு.