இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலக் கடிதம் ஏன் வருவதில்லை?

கேள்வி: கிளிநொச்சியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இலக்கணப் பயிற்சி சரியாகச் செய்கிறார்கள், கடிதம் என்றால் தடுமாறுகிறார்கள். கடிதம், கதை, அறிக்கை என்று எழுதும் வகையை வைத்துக் கற்பிக்கும் முறை (genre) உதவுமா?

உதவும். நானும் முல்லைத்தீவுப் பக்கம் படிப்பித்தவன். வீதி விளக்கு எரியவில்லை என்று பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை 'நான் நலம், நீங்கள் நலமா' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, இருட்டில் பாம்பு கண்ட கதையெல்லாம் சொல்லி, விளக்குக்குக் கடைசி வரியில்தான் வந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை! இப்படியான கடிதம் எந்த ஒழுங்கில் நகரும் என்பதுதான் தெரியவில்லை.

அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பதே இந்த முறை. 1980களில் அவுஸ்திரேலியாவில், மொழியியலாளர் ஹலிடேயின் கொள்கையை வைத்து ஜிம் மார்ட்டின், ஜோன் ரொதரி போன்ற ஆய்வாளர்கள் வளர்த்தது. முதலில் நல்ல மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது: யார் யாருக்கு எழுதுகிறார், எதற்கு, எந்தப் பந்தி என்ன வேலை செய்கிறது. பிறகு வகுப்பே சேர்ந்து கரும்பலகையில் ஒன்று எழுதுவது. அப்புறம் தனியே. நடுப்படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலர் மாதிரியைக் காட்டிவிட்டு நேரே 'எழுது' என்கிறார்கள். வெண்கட்டியோடு நின்று, "'உடனே போடு' என்று எழுதினால் சபைத் தலைவர் என்ன நினைப்பார்?" என்று கேட்கும்போதுதான் பணிவாகக் கேட்கும் சொற்கள் பிடிபடும்.

மாதிரியை அப்படியே பாடமாக்கிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஒரே வகையில் இரண்டு மூன்று மாதிரி கொடுங்கள். அதே விளக்கைப் பற்றிச் சிநேகிதிக்கும் எழுதவிடுங்கள். பாம்புக் கதைக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு.